மூஞ்சூறு எலி இல்லை
எலி, பல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று நீங்கள் எழுதிய சொல்லாராய்ச்சியில் மூஞ்சூறையும் எலிக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அது கொறிக்கிற இனமே இல்லை, பூச்சி தின்னி. ராத்திரி எங்கள் அடுப்படிச் சுவரோரமாகக் கீச்கீச்சென்று ஓடும். நீள மூஞ்சிதான் முதலில் தெரியும்.

கொறிக்கிற இனத்தை ஆங்கிலத்தில் சொல்லும் 'ரோடன்ட்' என்பது கொறிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்றீர்கள், சரி. எலிக்கு முன்பல் சாகும்வரை வளரும், கொறிக்காமல் விடிவில்லை. ஆனால் 'டென்டிஸ்ட்'டுக்கும் நம் தந்தத்துக்கும் உள்ள உறவை விட்டுவிட்டீர்களே! லத்தீன் 'டென்ஸ்', வடமொழி 'தந்த' இரண்டுமே பல்தான், ஒரே வேர். நாம் அதை யானைக்கு ஒதுக்கிவிட்டு, நம் வாயில் இருப்பதைப் பல் என்றோம், பழம்பாட்டில் எயிறு. மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகர் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்: பிள்ளையார் ஏகதந்தர், வாகனமோ மூஷிகம். பல்லும் எலியும் ஒரே சன்னதியில்!

அப்புறம், பெருச்சாளியை ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' என்பது தெலுங்கு 'பந்திகொக்கு'விலிருந்து போனது. பன்றியெலி என்று அர்த்தம். மேலூர்ப் பக்கம் எங்கள் வயலில் அது வரப்பைக் குடைந்து மண்ணைக் குவித்திருப்பதைப் பார்த்தால், பெயர் வைத்தவர் வயலில் இறங்கியவர்தான் என்று தோன்றும்.