தாள் நூலகத்துக்கு, உரிமை யாருக்கு?

"குடியாத்தம் தம்பதியின் காகிதங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. கணவர் மறைந்தும் 60 ஆண்டு ஆகிவிட்டது. அவர்கள் எழுதிய புலவர் வரலாறுகளை இனி யாரும் அச்சிடலாம்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் அச்சகத்துக்குப் போய்விடாதீர்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இருவர் சேர்ந்து எழுதி வெளியிட்ட நூலுக்கு, கடைசியாக மறைந்தவரின் இறப்பை அடுத்து வரும் ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான் 60 ஆண்டு கணக்கு. அம்மையார் கணவருக்குப் பின் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவர் கணவர் எழுதியதை வெறுமனே படியெடுத்துக் கொடுத்தவர்தான் என்று யாராவது சொன்னால் அதுவும் அநியாயம். அந்தக் கையெழுத்துப் படிகளை வேலூரில் நானே புரட்டியிருக்கிறேன். கணவருடைய நீல மையின் மேல் அம்மையாருடைய பென்சில். "இந்தத் தேதி பொருந்தவில்லை, கடிதத்தைப் பாருங்கள்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. அடுத்த பக்கம் முழுவதும் அம்மையார் கையிலேயே திரும்ப எழுதப்பட்டிருக்கிறது.

நூலகத்துக்குப் போன காகிதங்களில் உள்ள இன்லண்ட் கடிதங்கள் இன்னும் சிக்கலானவை. தாள் நூலகத்துடையது, அதில் உள்ள சொற்களின் உரிமையோ பொதுவாக எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், ஆய்வுக்கு அளவோடு மேற்கோள் காட்டலாம். முழுதாக வெளியிட வேண்டுமானால் தம்பதியின் வாரிசுகளிடமும், கடிதம் எழுதியவர் வேறொருவரானால் அவர் வீட்டாரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.