முதல் அரை மணி நேரம் எங்கே போகிறது?

டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பி, வியர்த்து வழிந்து, மோசஸ் மபிடா மைதானத்தில் போய் உட்கார்கிறேன். எதற்கு? எங்கள் டர்பன் கால்பந்து அணி பந்தைப் பின்னாலேயே உருட்டுவதைப் பார்க்கவா?

கோல்கீப்பர் இடது பக்கம் தருகிறார். அங்கிருந்து வலது பக்கம். வலதிலிருந்து திரும்பக் கோல்கீப்பருக்கே. இப்படியே இருபது நிமிடம்! முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் பாவம், பந்தைக் கண்ணால் பார்த்தே ஒரு யுகம் ஆகிறது. ஓரங்களில் ஆடும் விங்கர்கள் எதிரணித் தடுப்புக்குப் பின்னால் ஓடினால்தானே பாஸ் கொடுக்க இடம் கிடைக்கும்? ஒருவரும் ஓடுவதில்லை. எல்லோருக்கும் பந்து காலடிக்கே வர வேண்டும். நடுக்களத்தில் இருப்பவரும் பந்து வாங்கப் பின்னால் இறங்கிவிடுகிறார். அப்புறம் முன்னால் யார்தான் இருப்பது?

ஒரு கோல் வாங்கியதும் பாருங்கள், அதே பதினொரு பேர் பேய் பிடித்ததுபோல் ஓடுகிறார்கள்! அந்த வேகம் முதல் விசிலுக்கு ஏன் வரவில்லை? டர்பன் புழுக்கத்தில் தெம்பைச் சேமிக்கிறார்களாம். சரி, எதிரணிக்குப் புழுக்கம் கிடையாதா? ஜோஹன்னஸ்பர்க் மேட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நிமிடமே நெருக்குகிறார்களே!

2010 உலகக் கோப்பையில் மெக்ஸிகோவுக்கு எதிராக நம் தென்னாப்பிரிக்க வீரர் ஷபலாலா கோல் அடித்ததும் 55ஆவது நிமிடத்தில்தான். அது தொடக்க ஆட்டம், நாடே தோளில் உட்கார்ந்திருந்த பதற்றம். மன்னிக்கலாம். வாராவாரம் இவர்களுக்கு என்ன பதற்றம்?

"அப்பா, இடைவேளைக்கு அப்புறம் போனால் போதாதா?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்கிறது. வயிறு எரிகிறது எனக்கு.