பூனாவில் இல்லை, பூந்தமல்லியில்

(பூந்தமல்லியில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்துப் புரூஃபை மூக்குக்கண்ணாடியில் உரசுமளவுக்குப் பிடித்துப் பார்க்கிறார் பெண்ணின் தகப்பனார் ஏழுமலை. அச்சகத்தார் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.)

ஏழுமலை: தம்பி, நம் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோமே.

அச்சகத்தார்: பி, ஓ, ஓ, என், ஏ, எம், ஏ, எல், எல், இ, இ. எல்லாம் இருக்கிறதே, ஐயா.

ஏழுமலை: பூந்தமல்லியில் 'த' எங்கே?

அச்சகத்தார்: அதை வெள்ளைக்காரன் காலத்திலேயே விழுங்கிவிட்டார்கள். இத்தனை வருஷமாக யாரும் வந்து கேட்டதில்லை.

ஏழுமலை: நான் கேட்பேன். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. அவருடைய நண்பர்கள் இதை எப்படிப் படிப்பார்கள்? "பூனா... மல்லி!" ஏதோ உள்ளூர்ப் பேட்டை என்று முகூர்த்தத்தன்று காலையில் அங்கேயே ஆட்டோ தேடுவார்கள்.

அச்சகத்தார்: கீழே சென்னை என்று போட்டிருக்கிறதே!

ஏழுமலை: அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்? மண்டபத்தின் பெயர், சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான். பேசாமல் பூவிருந்தவல்லி என்று முழுதாகப் போடுங்கள்.

அச்சகத்தார்: பதினாறு எழுத்து வரும், ஐயா. இரண்டு பக்கமும் மயில் நிற்கிறது. 'வல்லி' மட்டும் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஏழுமலை: போகட்டுமே.

அச்சகத்தார்: அதற்கு நேர் கீழே மாப்பிள்ளை பெயர். பெண் கவிதா என்றுதானே பேசினோம், இந்த வல்லி யார் என்று சம்பந்தி கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஏழுமலை: (கொஞ்சம் யோசித்து) அரசாங்கமே இதையெல்லாம் மாற்றியதே?

அச்சகத்தார்: 2020 ஜூன் மாதம். தமிழில் சொல்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று 1018 ஊர்களுக்குப் பட்டியல் வந்தது. வேலூருக்கு வி, இ, இ என்று ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் எல்லாம் 'வீலூர்' என்றார்கள். சில நாட்களிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நல்ல வேளை, ஊரடங்கு நேரம். லெட்டர்பேட் அடிக்க யாரும் வரவில்லை.

ஏழுமலை: சரி, பழைய பெயரிலேயே 'டி, எச்' சேர்த்து ஒரு 'த' மட்டும் செருகுங்கள்.

அச்சகத்தார்: புனேக்காரர்களுக்கு 'டி எச்' என்றால் மூச்சு முட்ட அழுத்திச் சொல்கிற வேறு எழுத்து. லதா மங்கேஷ்கர் எழுதுகிற 'லதா'வில் எச் பார்த்திருக்கிறீர்களா? கிடையாது. நம் தெருவில் இருக்கும் லதாக்களுக்கெல்லாம் எச் உண்டு.

ஏழுமலை: அப்படியானால் வெறும் 'டி' போடுங்கள்.

அச்சகத்தார்: அவர்கள் சரியாகப் படிப்பார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் 'பூண்டமல்லி' என்பார்கள். பூண்டு வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர் என்று ஆகிவிடும்.

ஏழுமலை: ஒரு 'த'வுக்கு இத்தனை வழக்கா! வரவேற்பு குரோம்பேட்டையில். அதிலாவது ஏதும் வில்லங்கம் இல்லையே? நல்ல தமிழ்ப் பெயர்.

அச்சகத்தார்: குரோம் லெதர் கம்பெனி என்று அங்கே ஒரு தோல் தொழிற்சாலை இருந்தது. அந்த குரோம்தான் ஊருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு குறையும் வராது. தமிழில் எழுதும்போதுதான் எனக்குக் 'குரோம்' சரியா, 'க்ரோம்' சரியா என்று குழப்பம்.

ஏழுமலை: சரி, பூந்தமல்லி பழையபடியே இருக்கட்டும். பக்கத்தில் பின்கோடு போட்டுவிடுங்கள், ஆறு லட்சத்து ஐம்பத்தாறு.

அச்சகத்தார்: (திடுக்கிட்டு) எவ்வளவு?

ஏழுமலை: 600056, தம்பி. மண்டப வாடகையையே பேசிப் பேசி வாய் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டது.

அச்சகத்தார்: ஆயிற்று. கடைசியாக உங்கள் பெயர். நீங்கள் இவ்வளவு தமிழ்ப் பற்றோடு பேசியதால் ழகரத்துக்கு 'இசட், எச்' போட்டு வைத்திருக்கிறேன்.

ஏழுமலை: ஐயையோ! எடுங்கள், எடுங்கள். 'எல்' போதும்.

அச்சகத்தார்: 'எலுமலை' என்று படிப்பார்களே, ஐயா?

ஏழுமலை: எலியோ புலியோ, படித்துவிட்டுப் போகட்டும். பாஸ்புக்கில் 'எல்' இருக்கிறது. மொய்யைக் காசோலையாகத் தருகிறவர்கள் இந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள்!