மாற்றக் கேட்டது கம்பெனியை, நம்பரை அல்ல

நம்பரை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மட்டும் மாற்ற, அதாவது போர்ட் பண்ண, சனிக்கிழமை ஷோரூமுக்குப் போன அப்பாவை அங்கே அவமானப்படுத்தி அனுப்பியதை எழுதியிருந்தேன். ஆறுதலாகப் பேசிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் கமெண்ட்டில் நாலைந்து பேர், "ஒரு நம்பருக்குப் போய் இவ்வளவு அலட்டலா? புது சிம் வாங்கினால் வேலை முடிந்தது" என்று எழுதியதைப் படித்த பிறகு மனசு ஆறவில்லை. ஷோரூம் பையன் சொன்னதும் அதேதான். அவனுக்குக் கவுண்டரில் அடுத்த ஆள் நிற்கிறார், சொல்லிவிட்டான். என்னைத் தெரிந்த நீங்களும் அதையே சொன்னால் எப்படி?

நாங்கள் மாற்றக் கேட்டது கம்பெனியை. நம்பரை அல்ல. வீடு மாறுகிறவரிடம் பேரையும் சேர்த்து மாற்றிக்கொள் என்று யாராவது சொல்வார்களா?

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் கிணற்று மோட்டார் ரிப்பேர். மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டுவார், சப்மெர்சிபிள் மோட்டார் இறக்குவார், ஏற்றுவார். வேலை முடிந்ததும் மோட்டார் கொட்டகைச் சுவரில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, சிவப்புப் பெயிண்டில் தன் நம்பரை எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். விசிட்டிங் கார்டெல்லாம் கிடையாது. அவர் போடும் 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், எந்தக் கொட்டகையில் பார்த்தாலும் அவர் கையெழுத்து என்று தெரிந்துவிடும். சில இடங்களில் பெயிண்ட் வெளுத்துப்போய், நிலத்துக்காரரே கரித்துண்டால் அதன் மேல் எழுதி வைத்திருக்கிறார். நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் நேரத்தில் காயில் புகைந்தால், அவர் போனைத் தேடமாட்டார், சுவரைத்தான் பார்ப்பார்.

இப்போது சொல்லுங்கள், புது நம்பர் வாங்கிக்கொண்டு எத்தனை கொட்டகைக்குப் போய் அழித்து எழுதுவது? பாதிப் பேருக்கு அப்பாவின் பேரே தெரியாது. "மோட்டார்க்காரர் நம்பர்" என்றுதான் தெரியும்.

தொழிலை விடுங்கள். ஆதார், பேங்க், கேஸ் புக்கிங், ரேஷன் கடை மெசேஜ் எல்லாம் அந்த நம்பரில்தான். சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் கோடு எண் அதற்குத்தான் வருகிறது. பழைய நம்பரை அப்படியே விட்டுவிட்டால் அது கொஞ்ச நாளில் இன்னொருவர் கைக்குப் போகும். பயன்பாட்டில் இல்லாமல் நிறுத்தப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்துப் புதியவருக்குக் கொடுக்கலாம் என்ற நடைமுறையை 2023-ல் உச்ச நீதிமன்றத்தில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயே சொல்லியிருக்கிறது. அப்பாவின் ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருவருக்குப் போகட்டும், பரவாயில்லை என்கிறீர்களா? "புது சிம் வாங்கினால் முடிந்தது" என்று எழுதுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனியை மாற்றுவது எங்களுக்கு யாரும் போட்ட பிச்சையும் இல்லை. 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிற உரிமை. முதலில் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) மட்டும்தான். 2015 ஜூலை 3-க்குப் பிறகு எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே நம்பரோடு போகலாம். 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ்., எட்டு எழுத்தில் ஒரு போர்ட் கோடு (code) வரும், அதைப் புதுக் கம்பெனியில் கொடுத்து ஆதார் சரிபார்த்தால் ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிட வேண்டும். சட்டம் அவ்வளவு எளிதாகத்தான் இருக்கிறது. இழுக்கடிப்பதெல்லாம் ஆட்கள்தான்.

அப்பா போட்டிருந்தது இருப்பதிலேயே குறைந்த ரீசார்ஜ். அதில் எஸ்.எம்.எஸ். கிடையாது. 1900-க்கு மெசேஜ் போகவில்லை. "பெரிய பேக் போட்டுட்டு வாங்க" என்றான் பையன். விட்டுப் போகிற கம்பெனிக்கு, விட்டுப் போவதற்காகவே இன்னும் பணம் கட்ட வேண்டுமாம்! 2021 டிசம்பரில் ட்ராய் இதற்கென்றே ஓர் உத்தரவு போட்டது. எந்த பேக்கில் இருந்தாலும் சரி, போர்ட் பண்ணுவதற்கான எஸ்.எம்.எஸ்.ஸைத் தடுக்கக் கூடாது. இது அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம். சர்வீஸ் நடத்துகிற கம்பெனிக்குமா தெரியாது? நான் கஸ்டமர் கேரில் இதே உத்தரவைச் சொல்லிப் புகார் கொடுத்த பிறகு மெசேஜ் போனது, கோடும் வந்தது. எனக்குத் தெரிந்ததால் சொன்னேன். சொல்லத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

"ஆப்பில் இரண்டு நிமிட வேலை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். கிரீஸ் கையோடு டச் போன் பிடிக்க முடியாது என்பதால் அவரே விரும்பி வைத்திருப்பது. அதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

இன்னொருவர், "எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான், எங்கே போனாலும் அதே கதை" என்கிறார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஒரு கம்பெனிக்கு ஏரிக்கரை தாண்டினால் டவர் கிடைக்காது, இன்னொன்றுக்குக் கிடைக்கும். கிணற்றடியில் நிற்கிறவருக்கு அதுதான் எல்லாமே. அதோடு, 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றியபோது மக்கள் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறியது எதை வைத்து? இந்த ஓர் உரிமையை வைத்துத்தான். வாடிக்கையாளன் கையில் இருப்பதே இது ஒன்றுதான், அதையும் அலட்டல் என்றால் எப்படி?

2018 பிப்ரவரி யாருக்கும் ஞாபகம் இல்லையா? ஏர்செல் படுத்தபோது தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஏர்செல் நம்பர். சிக்னலே இல்லாத போனில் கோடு கேட்டு மெசேஜ் அனுப்ப முடியாமல் சனம் கடை வாசலில் நின்றது. அன்று ஒருவரும் "நம்பர்தானே" என்று சொல்லவில்லை, எல்லோரும் பதறினோம். இன்று நமக்கு வசதியாக இருக்கிறது, அடுத்தவர் பதறினால் அலட்டல்.

"நம்பர் உங்கள் சொத்தில்லை, அரசாங்கத்துடையது" என்று சட்டம் பேசியவருக்கு: சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அது கம்பெனியின் சொத்தும் இல்லையே? பிறகு எந்த உரிமையில் பிடித்து வைக்கிறார்கள்?

மோசடியைத் தடுக்க விதிகள் வேண்டும் என்றவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிம் மாற்றி வாங்கினால் ஏழு நாளுக்குப் போர்ட் கோடு கிடையாது என்று 2024 ஜூலை முதல் வந்த விதியை நான் வரவேற்கிறேன். சிம்மைத் திருடி நம்பரைக் கடத்துகிறவர்களுக்கு அது சரியான தடை. ஆனால் அப்பாவைத் தடுத்தது அந்த விதி இல்லை. அவர் சிம் தொலைக்கவில்லை, பாக்கி வைக்கவில்லை, அதே நம்பரில் வருஷக்கணக்காக இருக்கிறார்.

கோடு வந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று அப்பாவுக்குப் போன் மேல் போன். சலுகை தருகிறோம் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், வியாபாரம். "போர்ட் பண்ணினா பேங்க் அக்கவுண்ட் லாக் ஆயிடும், ஆதார் கட் ஆயிடும்" என்று ஒரு வயசானவரைப் பயமுறுத்துவது எந்த ஊர் வியாபாரம்? நம்பர் அப்படியே இருக்கும்போது பேங்க் எதற்கு முடங்கும்? போவது மிச்சமிருக்கும் ரீசார்ஜ் மட்டும்தான். மாறுகிற இரவில் சில மணி நேரம் சிக்னல் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அப்பா பயந்துவிட்டார். ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "வேணாம்மா, இருக்கறதே இருக்கட்டும், உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். யாரிடமும் கடன் வைக்காத மனுஷன், இடி மின்னலில் கிணற்றுக்குள் இறங்குகிற மனுஷன், ஒரு போன் காலுக்குப் பயந்து பேசினார்.

பையனைத் திட்டாதே, அவனுக்கும் டார்கெட் இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். டார்கெட் இருப்பவன் தன் அப்பா வயசுக்காரரை, கடையில் அத்தனை பேர் பார்க்க, "என்ன பெருசு, நம்பரைக் கட்டிக்கிட்டு அழறே" என்று கேட்க வேண்டுமா? அப்பா திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. ஆதார் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் நியாயம் பேசுவது அந்தப் பையனுக்காக. அப்பாவுக்காக யார் பேசுவது?

கோடு நாலு நாள்தான் செல்லும். அதற்குள் வேறு கடையில் கொடுத்தாகிவிட்டது, தம்பி கூடப் போயிருந்தான். இனி பழைய கம்பெனி பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், நான் பேசிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது போர்ட் பண்ணுவதாக இருந்தால், அந்த மூன்று நாளும் வருகிற மிரட்டல் கால்களை நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புது சிம் வாங்கச் சொல்லும் கமெண்ட் இதற்குக் கீழேயும் வந்தால் நீக்கிவிடுவேன், வருத்தப்படாதீர்கள்.