வீட்டில் பென்சில் பேக்கிங் செய்தால் மாதம் 30,000 ரூபாயா?

லீவு விட்டால் போதும், இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும்: ‘நடராஜ் பென்சில் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பேக்கிங். மாதம் 30,000. மாணவர்களும் சேரலாம்.’ கீழே ஒரு செல் நம்பர்.

இது பொய். நடராஜ் பென்சிலைத் தயாரிப்பது இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனம். வீட்டுக்குப் பென்சில் அனுப்பிப் பேக் செய்யச் சொல்லும் வேலை எதுவும் தங்களிடம் இல்லை என்று அந்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது. டப்பாவில் அடுக்கும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடலாம் என்கிறபோது, லாரி வாடகை கொடுத்து உங்கள் வீட்டுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

அந்த நம்பருக்குப் பேசினால் முதலில் ஆதார், போட்டோ கேட்பார்கள். அப்புறம் பதிவுக் கட்டணம் சில நூறு ரூபாய். கட்டியதும் உங்கள் படத்தோடு பளபளவென ஒரு ஐடி கார்டு வரும். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு கூரியர் செலவு, ஜிஎஸ்டி, ‘வண்டி செக்போஸ்ட்டில் நிற்கிறது’ என்று வசூல் நீளும். பென்சில் மட்டும் வராது.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்புண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று பிள்ளைகள் மறைப்பதுதான் மோசடிக்காரருக்கு வசதி.

நிஜமாகவே சம்பாதிக்க நினைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். 30,000 வராது, ஆனால் முன்பணம் யாரும் கேட்கமாட்டார்கள்.