“ஸ்ட்ரெஸ்தான்” என்று சொல்லி அனுப்புவதற்கு முன்

வைரஸ் காய்ச்சல் தணிந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் களைப்பு, மறதி, கவனக்குறைவு ஆகியவை விடவில்லை என்று சொல்பவரிடம், “டெஸ்ட் எல்லாம் நார்மல், இது ஸ்ட்ரெஸ்தான், மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நோய்த்தொற்று உடலின் பங்கு, மன அழுத்தம் மனத்தின் பங்கு என்று ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். மூளையின் நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளுக்கு முன் அந்தப் பிரிவினை நிற்காது என்பது என் கருத்து.

அந்தச் செல்களின் பெயர் மைக்ரோகிளியா. ஸ்பெயின் ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஒர்தேகா 1919இல் இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். கரு உருவாகும் தொடக்க நாட்களிலேயே மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளையில் குடியேறும் இவை, பிறகு அங்கேயே பெருகித் தங்கிவிடுகின்றன என்பது 2010இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது. அழைப்பு வரும்வரை இவை சும்மா இருப்பதாகவே நெடுங்காலம் கருதினார்கள். உயிருள்ள எலியின் மூளையை 2005இல் நுண்ணோக்கி வழியே பார்த்தபோதுதான், செல் நின்ற இடத்தில் நிற்க, அதன் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் துழாவுவது தெரிந்தது.

வைரஸ் மூளைக்குள் நுழையும்போது இச்செல்களின் காவல் இன்றியமையாதது. மருந்து கொடுத்து மைக்ரோகிளியாவை முன்கூட்டியே நீக்கிய எலிகளுக்கு மேற்கு நைல் வைரஸ் தொற்றும்போது, அவை கூடுதலாக இறக்கின்றன. ஆனால் தப்பிப் பிழைத்த எலிகளின் கதை அத்துடன் முடிவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபின் கிளைனின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த காம்ப்ளிமென்ட் புரதங்களின் துணையோடு மைக்ரோகிளியா நரம்பிணைப்புகளை விழுங்கிவிடுகிறது. அதனால் தொற்றிலிருந்து மீண்ட எலிகள் இடங்களை நினைவில் வைக்கத் தடுமாறுகின்றன. வளரும் மூளையில் மிகையான இணைப்புகளைக் கழித்துச் சீர்செய்வதும் இதே ஏற்பாடுதான் என்பதால், இச்செல்லை நண்பன் என்றோ பகைவன் என்றோ முத்திரை குத்த முடியாது.

மன அழுத்தத்தின்போது நடப்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முரட்டு எலி ஒன்றைக் கூண்டுக்குள் விட்டு மற்ற எலிகளைத் திரும்பத் திரும்ப அடிபணிய வைக்கும்போது, எந்தக் கிருமியும் இல்லாமலேயே மைக்ரோகிளியா உருமாறுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வெள்ளையணுக்கள் கிளம்பி மூளைக்கு வந்து சேர்கின்றன. எலிகளின் பதற்றம் கூடுகிறது. மைக்ரோகிளியாவை முன்னதாகவே நீக்கிவிட்டால் அந்த அணுக்கள் மூளையில் திரள்வதில்லை, பதற்றமும் அந்த அளவுக்குத் தோன்றுவதில்லை. மேலும், அழுத்தத்துக்கு ஆளான எலிக்குப் பிறகு பாக்டீரியாவின் நச்சுப்பொருளைச் செலுத்தினால், அதன் மைக்ரோகிளியா வழக்கத்தை மீறி அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. அழுத்தத்தின் தடத்தை வைத்துக்கொண்டே அந்தச் செல் அடுத்த தாக்குதலைச் சந்திக்கிறது என்றால், “வைரஸா, ஸ்ட்ரெஸ்ஸா” என்ற கேள்வியே பொருத்தமற்றதாகிறது.

வைரஸ் மூளையைத் தொடாமலே கூட மைக்ரோகிளியா கிளர்ந்தெழலாம். நுரையீரலோடு நின்றுவிட்ட மிதமான கோவிட் தொற்றுக்குப் பிறகு, மூளையில் வைரஸ் இல்லாத எலிகளின் வெண்பொருளில் (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நிறைந்த பகுதியில்) மைக்ரோகிளியா கிளர்ந்த நிலையில் இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் மிஷெல் மோன்ஜே, அகிகோ இவசாகி ஆகியோரின் குழுக்கள் 2022இல் காட்டின.

இவற்றில் பெரும்பகுதி எலிகளில் கண்டவை என்பதை மறைக்கக் கூடாது. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்ற உறுதி இல்லை. இந்தியாவில் முதன்முதலாக 1955இல் வேலூர் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலையே எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோகிளியாவின் கிளர்ச்சியைத் தணிக்கும் மினோசைக்ளின் என்ற மருந்து, அந்த வைரஸ் தாக்கிய எலிகளைக் காப்பாற்றியது. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சோதனையில், இறப்பு குறைந்ததாக உறுதியாகச் சொல்லும்படி முடிவு அமையவில்லை. இந்த நிலையில் “மூளை அழற்சியைப் போக்கும்” என்று மாத்திரையும் பொடியும் விற்பவர்கள் எந்த ஆதாரத்தை நம்பி விற்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் நல்லது என்ற விளம்பர வாதமும், நரம்பிணைப்பை விழுங்கும் செல்லின் முன் பொருளற்றுப் போகிறது.

ஆகவே நான் கேட்பது மருந்தை அல்ல. காய்ச்சல் வந்த நாளையும், அதற்கு முந்தைய மாதங்களில் அவர் சுமந்த நெருக்கடியையும், இப்போதைய உறக்கத்தையும் சேர்த்து விசாரித்து ஒரே நோயாளிக் குறிப்பில் எழுதும் மருத்துவரையும், வெப்பமானி இறங்கிய அன்றே மருத்துவ விடுப்பு முடிந்துவிட்டதாகக் கணக்கிடாத அலுவலகத்தையும்தான்.