அந்த மூளைப் படம் எம்ஆர்ஐ ஸ்கேன் இல்லீங்க

அண்ணே, மேல நீங்க போட்ட ரெண்டு மூளைப் படம், ஒண்ணு நீலமா ஒண்ணு செவப்பா, "20 நிமிஷம் நடந்த புள்ளையோட எம்ஆர்ஐ, நடந்தா கணக்குல மார்க் ஏறும்"னு எழுதிருக்கீங்கல்ல, அதுல ரெண்டு தப்பு. மொதல்ல அது எம்ஆர்ஐயே இல்ல. அமெரிக்கால இல்லினாய் யுனிவர்சிட்டில ஹில்மேன்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் 2009ல பண்ணது, 20 பசங்க, ஒம்பது பத்து வயசு, தலைல எலக்ட்ரோடு தொப்பி மாட்டி கவன டெஸ்ட் செய்யறப்போ மூளைல இருந்து வர்ற கரண்ட் சிக்னல அளந்து எல்லாரோடதையும் சராசரி எடுத்து கலர் பூசுனது, ஒரு புள்ளையோட மூளை கெடையாது. அதே பசங்கள ஒருநாள் ட்ரெட்மில்ல நடக்க வச்சு, நெஞ்சு படபடப்பு அடங்குனப்புறம் டெஸ்ட், இன்னொரு நாள் சும்மா ஒக்கார வச்சு டெஸ்ட். நடந்த அன்னிக்கு கவனமும் படிச்சுப் புரிஞ்சுக்கறதும் நல்லா இருந்துச்சு, கணக்குல பெருசா வித்தியாசம் வரல. நீங்க அதையே மாத்திட்டீங்க, அது ரெண்டாவது தப்பு.

அதுக்காக பிடி பீரியட் வேஸ்ட்னு நான் சொல்ல வரல. அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பு சிடிசி 2010ல 50 ஆய்வ சேத்துப் பாத்துச்சு, பாதி முடிவுல நல்ல பலன், மிச்சத்துல கிட்டத்தட்ட எல்லாமே பெருசா ஒண்ணும் மாறல, கெடுதல்னு வந்தது வெறும் 1.5 சதவீதம். அதாவது வெளையாட விட்டா படிப்பு கெட்டுப்போகும்ங்கறதுக்கு பெருசா ஆதாரம் இல்ல. எங்க பத்தாங்கிளாஸ்ல பிடி பெல் அடிச்சதும் கணக்கு சார்தான் சாக்பீஸ் டப்பாவோட வந்து நிப்பாரு 😄 அவருகிட்ட காட்ட இந்த 1.5 போதும், பொய் ஸ்கேன் எதுக்கு?